முனியாண்டி வளைவில் வண்டி நிற்காது

கல்லுமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கஜேந்திரனைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல மனுசன் என்பதற்காக அல்ல. நல்ல மனுசர்கள் அந்த வரிசை வீட்டு லயங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை யார் கண்டுகொண்டார்கள்? கஜேந்திரனிடம் ஓர் ஆட்டோ இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு துணிப்பை தொங்குகிறது. கீழ்க்கணக்குப் பெண்கள் தங்கள் போன்களை எல்லாம் அந்தப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போவார்கள்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கீழ்க்கணக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. எதிர்மலை உச்சியில் போன் கோபுரம் ஒன்று ஜம்மென்று நிற்கிறது. ஆனால் அதன் புண்ணியம் எல்லாம் துரை பங்களாவுக்கும் மேல்கணக்குக்கும்தான். கீழே லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களில் போன் என்றால் அது ஒரு டோர்ச் லைட், ஒரு மணிக்கூடு, ஒரு பாட்டுப் பெட்டி. யாரையும் கூப்பிட மட்டும் முடியாது. தேர்தலுக்குத் தேர்தல் ஆட்கள் வந்து கோபுரம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொன்ன கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிவனொளிபாத மலையை எட்டிப் பிடித்துவிடலாம்.

லயத்துக்குக் கிட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. லயத்திலிருந்து ஏறுகிற தோட்டப் பாதை ஹட்டன் பெரிய ரோட்டில் போய்ச் சேர்ந்ததும் முதலில் வருவது முனியாண்டி வளைவு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி, அவ்வளவுதான் முனி. அவருடைய முகத்துக்கு நேரே வண்டி வந்ததும் பைக்குள் கிடக்கிற போன்கள் எல்லாம் ஒன்றாக உயிர் பெற்றுக் கூவும். கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்கள் அனுப்பியது, வெளிநாட்டில் இருக்கிற மகள்மார் பேசி அனுப்பிய குரல்கள், கடன் கொடுத்தவன் அனுப்பிய மிரட்டல், எல்லாம் அங்கேதான் வந்து விழும். பின்னேரம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் அவரவர் போனை வாங்கிக்கொண்டு போவார்கள். போன் மாறிப்போகாமல் இருக்கக் கஜேந்திரனின் மனைவி ஜீவராணி ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டி வைத்திருந்தாள். பையைத் தைத்ததும் அவள்தான்.

இதற்குக் கஜேந்திரன் காசு வாங்குவதில்லை. ஆனால் ஒன்றும் வாங்காமல் செய்தான் என்றும் சொல்ல முடியாது. ஊர்ச் செய்தி எல்லாம் முதலில் தன் காதுக்கு வருகிறது என்ற பெருமை அவனுக்கு நிறைய இருந்தது. யாராவது அழைத்தால் எடுத்து, "அக்கா மலையில இருக்காங்க, பின்னேரம் பேசச் சொல்றேன்" என்று பெரிய அலுவலகத்துக் கிளார்க் போலப் பதில் சொல்வான். வண்டியை ஓட்டிக்கொண்டேதான் சொல்வான்.

ஏன் நிறுத்திவிட்டுப் பேசக்கூடாது என்று கேட்பீர்கள். முனியாண்டி வளைவில் வண்டி நிற்காது. எந்த வண்டியும் நிற்காது. ஹோர்னை இரண்டு தடவை அடித்து, தலையைக் குனிந்து, போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிற்கிற வண்டியில் முனி ஏறிக்கொள்வார் என்பது டிரைவர்மார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கணக்கு. டயர் மாற்ற அங்கே நிறுத்திய லொறி ஒன்று பள்ளத்துக்குப் போன கதையை எல்லாரும் சொல்வார்கள், பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. பஸ்காரன், லொறிக்காரன், தோட்டத்து டிராக்டர், எல்லாரும் அடங்குகிற சட்டம் அது. ஆகவே கஜேந்திரன் வளைவில் போனை எடுப்பான், பேசிக்கொண்டே வளைவைத் தாண்டுவான், தாண்டியதும் வருகிற மதகடியில் வண்டியை ஓரங்கட்டி மீதியைப் பேசுவான். வருசக்கணக்காக அப்படித்தான் நடந்தது. ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அந்தப் பையில் மஞ்சள் நூல் கட்டிய போன் வீரம்மாவுடையது. வீரம்மாவுக்குப் புருசன் இல்லை, ஒரே மகள் லோஜினி. லயத்துக்கு மேலே கிடைத்த துண்டுக் காணியில் சுவர் மட்டும் எழும்பி, கூரை இல்லாமல் நிற்கிற ஒரு வீட்டை முடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன புதிதில் வாரம் தவறாமல் பேசினாள். பிறகு அந்த வீட்டம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பிறகு யாரிடமாவது இரவல் வாங்கிப் பேசினாள். பிறகு அதுவும் நின்று போனது. மாசங்கள் ஓடின. வீரம்மா கோயிலில் நேர்ந்துகொண்டாள், அனுப்பி வைத்த ஏஜன்சிக்காரனைப் போய்ப் பார்த்தாள், அவன் "எல்லாம் சரி வரும்மா" என்று சொல்லிச் சொல்லியே அவளைத் திருப்பி அனுப்பினான். கடைசியில் யாரோ சொல்லி, வெள்ளிக்கிழமைகளில் ஹட்டனில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக முறைப்பாடு எழுதி அனுப்புகிற பெண்கள் சங்கம் ஒன்று இருப்பது தெரிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை போவதென்று முடிவு செய்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையிலும் போனைப் பைக்குள் போடும்போது கஜேந்திரனிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள்.

"தம்பி, எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் எடுத்துரு. அடிக்க விட்றாத. அவளுக்கு ரெண்டாந்தரம் எடுக்க வசதி கெடைக்குமோ என்னமோ."

"நான் பாத்துக்கிறேன் அக்கா. நீங்க பெரட்டுக்குப் போங்க, பேர் குடுக்க நேரமாச்சு."

பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஆட்டோ மேட்டில் ஏறியது. மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவில் ஹோர்ன் அடித்துத் தலை குனிந்த அதே நேரம் மஞ்சள் நூல் போன் அடித்தது. கூட்டல் குறி போட்ட வெளிநாட்டு நம்பர்.  கஜேந்திரன் ஒரு கையால் ஹேன்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"அம்மா?"

"நான் கஜேந்திரன் மாமா பேசுறேன். சொல்லு லோஜினி."

"மாமா, அம்மா இல்லையா? மாமா, எனக்கு நேரமில்ல. இவங்க என்னைய—"

வளைவு முடிந்தது. மதகடியில் ட்ராபிக் பொலிஸ் சார்ஜன் ஒருவர் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். கஜேந்திரன் மிரண்டு போனான்.

"இரு புள்ள, பொலிஸ்" என்றான். சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அமுக்கி, போனைத் தொடைக்கு அடியில் ஒளித்தான். வகுப்பில் மாங்காய் தின்று பிடிபட்ட பிள்ளை ஒளிப்பதைப் போல. யாரும் அவனைக் கட் பண்ணச் சொல்லவில்லை. பொலிஸ்காரர் இன்னும் வாயையே திறக்கவில்லை. அந்தப் பொத்தானை அமுக்கியது அவனுடைய விரல்தான். பிறகு எத்தனையோ தடவை யோசித்தும் அவன் அதை வேறு யார் தலையிலும் போட முடியவில்லை.

சார்ஜன் நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். சத்தம் போடவில்லை. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார், லைசனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மழை படாமல் ஆட்டோவின் கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டு தண்டப் பத்திரம் எழுதினார். எழுதிக்கொண்டே, யார் போனில் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, அவசரமா என்றும் கேட்டார்.

அங்கேயாவது அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண், மாசக்கணக்கில் பேசாதவள், இப்போதுதான் பேசினாள் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பார். வளைவில் ஏன் நிறுத்தவில்லை என்பதைத்தான் அவரிடம் விளக்கியிருக்க முடியாது. 

"கவுருத் நே, சேர்" என்றான் கஜேந்திரன். யாருமில்லை என்று.

"யாருமில்லாத போனையா பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசினாய்?" என்று கேட்டுவிட்டு அவர் தாளைக் கிழித்து நீட்டினார். "முக்கியமான போன் என்றால் சொல்லியிருக்கலாம். பேசி முடிக்கும்வரைக்கும் நின்றிருப்பேன். எழுதுவதை எப்படியும் எழுதியிருப்பேன்."

அவர் போன பிறகு கஜேந்திரன் மதகடியிலேயே நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடிக்கவில்லை. அந்த நம்பருக்கு எடுக்கப் பார்த்தால் போனில் காசில்லை. பிள்ளைகள் மணி அடித்துவிடும் என்று பயந்தார்கள். வண்டியை எடுத்தான்.

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? பின்னேரம் அவன் லயத்தடியில் வண்டியை நிறுத்தியபோது தாய்மார் கூட்டமாக நின்றார்கள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் சிலர்.

"என்னா கஜேந்திரன், எங்க புள்ளைகள வச்சிக்கிட்டு போன் பேசுனீங்களாமே. பொலிஸ் புடிச்சிச்சாமே."

"பள்ளத்துல விட்டிருந்தா யாரு வந்து அள்றது?"

"நாளையில இருந்து எம் புள்ள நடந்தே போகும்."

தங்கள் போன்களை அவன் பையில் போட்டவர்களே அவர்கள்தான். ஆனால் அதைச் சொல்லிக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை, அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைகளின் பயணம் போனால் அவன் ஆட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தோட்டத்துக் கட்டாந்தரையில் ஏதாவது வாடகை வருமா என்று காய வேண்டியதுதான்.

அப்போது வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் போனாமே தம்பி. புள்ளைக சொல்லுதுக, மஞ்ச நூல் போன்னு. லோஜினியா பேசுச்சு? என்னா சொல்லுச்சு?"

 எல்லார் கண்களும் அவன் வாயில். 

"லோஜினிதான் அக்கா. நல்லா இருக்காளாம். ஒங்களக் கேட்டுச்சு."

வீரம்மா அங்கேயே, சேற்றில் குந்திவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சற்று முன் ஏசியவர்கள் எல்லாம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். "பாவம், வீரம்மா மகளுக்காகத்தானே எடுத்திருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளையை நடக்க வைப்பேன் என்றவள், நாளைக்குக் கொஞ்சம் முந்தி வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பொய்யில் அவன் மொத்தமாகத் தப்பித்துவிட்டான். அதுதான் அதில் மோசமானது.

மறுநாள் வீரம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த நாள், தண்டம் கட்டத் தன்னால் ஆனதைத் தருகிறேன் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவன் பதறிப்போய் வேண்டாம் என்று ஓடினான். லோஜினி நன்றாக இருக்கிறாள் என்ற செய்தி கொழுந்து மலையில் நிரைக்கு நிரை போய், மேல்கணக்கு வரைக்கும் எட்டியது.

வெள்ளிக்கிழமை வந்தது. வீரம்மா ஹட்டனுக்குப் போக உடுத்துக்கொண்டு வருவாள் என்று கஜேந்திரன் எதிர்பார்த்தான். அவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு அந்தச் சங்கத்துக்குப் போகல்லையா?"

"எதுக்கு தம்பி? அதான் புள்ள நல்லா இருக்கேன்னு சொல்லிருச்சே. போய் முறைப்பாடு அது இதுன்னு எழுதி, அந்த வீட்டுக்காரங்களுக்கு அவ மேல கோவம் வந்துச்சுன்னா? வேணாம்."

 கஜேந்திரன் தன் தோல் தப்ப ஒரு வார்த்தை சொன்னான், சரி. அந்த வார்த்தை இப்போது எழுந்து நின்று லோஜினிக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜீவராணி லேசுப்பட்டவள் அல்ல. சில நாட்களாகவே அவனைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்னாங்க, சோத்துல என்னா தேடுறீங்க?" என்று கேட்டாள். அவன் மென்று விழுங்கி மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போன் எடுத்தது தப்பு. அதுக்குத் தண்டம் கட்டிரலாம், போகுது. இது தண்டம் கட்டித் தீருற தப்பா?"

"இப்ப போய்ச் சொன்னா அக்கா செத்துரும் ஜீவா. லயமே காறித் துப்பும்."

"துப்பட்டும். தொடச்சிக்கிட்டுப் பொழைக்கலாம். அந்தப் புள்ள அங்க என்னா பாடு படுதோ."

திங்கட்கிழமை அவன் ஹட்டன் தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டினான். துண்டைக் கொண்டுபோய் பொலிஸில் காட்டி லைசனை வாங்கினான். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, வீரம்மாவின் போனுக்குக் காசு போட்டு, அந்த வெளிநாட்டு நம்பரை அழுத்தினான்.  அரபு மொழி வரும் என்று நினைத்திருந்தான். ஒரு பெண் சிங்களத்தில் ஹலோ என்றாள்.

அவளும் இந்த நாட்டுக்காரிதான். பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவள். கஜேந்திரன் லோஜினியின் பெயரைச் சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அன்றைக்கு அந்த நங்கி, அந்தத் தங்கச்சி, குப்பை போட வந்த இடத்தில், மதிலடியில் வைத்துத் தன் போனைக் கேட்டு வாங்கியதாகச் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது. நங்கி மறுபடி எடுக்கப் பார்த்திருக்கிறாள், அதற்குள் வீட்டம்மா கண்டு, தலைமுடியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நங்கியை வெளியே காணவில்லை. உயிரோடு இருக்கிறாள், சமையல்கட்டில் சத்தம் கேட்கிறது. மாசக்கணக்கில் சம்பளமும் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. "இந்த நம்பருக்கு எடுக்காதீர்கள் அண்ணே, எனக்கும் பிரச்சினை வரும். முடிந்தால் நான் போனைக் கொடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கஜேந்திரன் கடைச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். பஸ் நிலையத்தில் நல்லதண்ணி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் கட் பண்ணாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருப்பாள்.

அன்று பின்னேரமே வீரம்மாவின் காம்பராவுக்குப் போனான். அவள் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "வா தம்பி, பிளேன்டி குடிக்கிறியா?" என்றாள். அவன் உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். கட் பண்ணியதைச் சொன்னான், பொய் சொன்னதைச் சொன்னான், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைச் சொன்னான். ரொட்டி கருகிய வாசம் வந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

"அழுதாளா?"

"தெரியல்ல அக்கா. மூச்சு வாங்குச்சு."

"நீ என்னா சொன்ன அவகிட்ட?"

"இரு புள்ள, பொலிஸ்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? எம் மகளுக்கு வீட்டுல இருந்து போன வார்த்தை அவ்வளவுதானா?"

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காறித் துப்பியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த மஞ்சள் நூல் போனை வாங்கிக்கொண்டாள். "நான் கெழங்கு அவிச்சுக் குடுத்தேன் ஒனக்கு" என்று மட்டும் சொன்னாள். அவன் வீடு வந்து சேர்கிறவரைக்கும் அழுதுகொண்டே வந்தான்.

செய்தி லயம் முழுவதும் பரவியது. பையில் போன்கள் குறைந்தன. இரண்டு மூன்று தாய்மார் பிள்ளைகளை நடத்தியே அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வீரம்மா ஹட்டனுக்குப் போனாள், அவனுடைய ஆட்டோவில் அல்ல, பஸ்ஸில். சங்கத்துப் பெண்கள் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, பிள்ளை இருக்கிற வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஏஜன்சி கொடுத்த விலாசம் பழையது, அந்த வீட்டுக்காரர்கள் குடிமாறிவிட்டார்கள். இடம் தெரியாமல் தூதரகத்து ஆட்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பிள்ளை பேசினால் முதலில் அதைக் கேட்டு, எந்த நாளானாலும் உடனே வந்து சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் நம்பருக்கு அவர்களும் எடுத்துப் பார்த்தார்கள், அவள் பயந்துபோய் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீரம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு முனியாண்டி வளைவில், தேயிலைச் செடியோரம் குடையோடு நிற்கத் தொடங்கினாள். கஜேந்திரன் ஹோர்ன் அடித்து, தலை குனிந்து, அவளைத் தாண்டிப் போவான். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் கொழுந்து பறிக்காமல் எத்தனை நாளைக்கு நிற்க முடியும்? இனியும் வேலைக்கு வராவிட்டால் பெயர் வெட்டுப்படும் என்று கங்காணி சொல்லிவிட்டார். ஒரு காலையில் அவன் வண்டியைக் கிளப்புகிற நேரத்தில் அவள் கூடையோடு வந்து நின்றாள். மஞ்சள் நூல் போனைப் பைக்குள் போட்டாள்.

"வேற ஆள் இல்ல, அதுனாலதான் ஒங்கிட்ட தாறேன்" என்றாள். "இந்தத் தடவை வண்டிய நிப்பாட்டி எடு."

"முனி வளைவுல..."

"நிப்பாட்டு. முனிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவை வளைவுக்கு வரும்போதும் கஜேந்திரன் வேகத்தைக் குறைப்பான். பிறகு ஒரு காலை, பிள்ளைகளோடு மேடேறி வளைவில் திரும்பும்போது அது அடித்தது. அதே நம்பர். ஹோர்னுக்குப் போன கையை இழுத்துக்கொண்டான். பிரேக்கை மிதித்து, ஹேன்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினான். முனியின் முகத்துக்கு நேரே எஞ்சின் நின்றது. 

"மாமா?"

"சொல்லு புள்ள."

"மாமா, வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கீங்க? பொலிஸ்..."

"இல்ல லோஜினி. வண்டி நிக்குது. நீ சொல்லு."

பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. முனி வளைவில் எவன் நிறுத்துவது என்று டிரைவர் தலையை வெளியே விட்டு ஏசினார். கஜேந்திரன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினான்.

"இவங்க என்னைய வேற வீட்டுக்குக் குடுத்துறப் போறாங்க மாமா. வேற ஊராம். வேற வீட்டம்மா ஒருத்தங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. இந்தக் கெழமைக்குள்ளன்னு பேசிக்கிட்டாங்க. அங்க போயிட்டா இந்தப் போனும் கெடைக்காது."

"இப்ப இருக்கிற வீடு எங்கன்னு சொல்லு. மொதல்ல அதச் சொல்லு."

அவள் சொன்னாள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், மதிலில் ஒட்டியிருக்கிற நீலத் தகட்டில் உள்ள இலக்கம். கஜேந்திரன் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னான், பின்னாலிருந்த பிள்ளைகள் வாய்ப்பாடு போலக் கூடவே சொன்னார்கள். அவர்களிடம் யாரும் சொல்லச் சொல்லவில்லை.

"மாமா, அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. நான் நல்லா இருக்கேன்னு சொல்லிருங்க. அவங்க தாங்க மாட்டாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. இந்தத் தடவை அந்தப் பக்கம்தான் வைத்தது.

கஜேந்திரன் ஆட்டோவை விட்டு இறங்கினான். வளைவுக்கு மேலே இருந்த மலையில்தான் அன்றைக்குக் கொழுந்து. வண்டி நிற்காத இடத்தில் ஒரு வண்டி நிற்பதையும் அதற்குப் பின்னால் பஸ் நிற்பதையும் மேலே நிரை பிடித்திருந்த பெண்கள் எல்லாரும் கண்டார்கள். யாரும் வீரம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் செடிகளுக்கு நடுவே சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்துகொண்டிருந்தாள். முதுகில் கூடை ஆடியது, பறித்த கொழுந்து வழியெல்லாம் சிந்தியது.

"என்னா சொல்லுச்சு?"

நல்லா இருக்காளாம் அக்கா. அந்தச் சொற்கள் அவன் வாயில் தயாராக இருந்தன. ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பழகியவை. இப்போது அந்தப் பெண்ணே சொல்லச் சொல்லியிருக்கிறாள், யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

"வேற ஊருக்கு, வேற வீட்டுக்குக் குடுத்துறப் போறாங்களாம் அக்கா. இந்தக் கெழமைக்குள்ள. இப்ப இருக்கிற வீட்டைக் கேட்டுட்டேன், புள்ளைகளுக்கும் பாடம். சம்பளம் இல்ல, சாப்பாடும் இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னது எல்லாம் உண்மைதான். ஒங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்லுச்சு. நான் சொல்ல மாட்டேன்."

வீரம்மா அவனைப் பார்த்தாள். கருகிய ரொட்டிக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றி, கூடையைக் கொழுந்தோடு முனியின் காலடியில் வைத்தாள். படங்கை அவிழ்த்து அதன்மேல் போட்டாள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

"ஹட்டனுக்கு விடு, சங்கத்துக்கு" என்றாள்.

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, கஜேந்திரன் இரண்டு கைகளாலும் ஹேன்டிலைப் பிடித்தான்.